கண்ணுள்ளவன் படிக்காத வரி

என் வாய் என்றைக்காவது என்னைச் சந்தியில் நிறுத்தும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். தவளை தன் வாயால் கெடும் என்பது எங்கள் வீட்டில் தினமும் இரண்டு வேளை கேட்கும். தவளை மட்டும் கெட்டிருந்தால் இதை நான் வெளியே சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஆபீசில் என் பெயர் நக்கல். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூட என்னைத் தெரியாது. யார் எது சொன்னாலும் அதைத் திருப்பிப் போட்டு ஒரு வரி சொல்லிவிடுவேன். சுற்றி நாலு பேர் சிரித்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

இந்தப் பழக்கம் அக்காவிடம் ஆரம்பித்தது. அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் தட்டினால், நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து "நீ யாரப்பா?" என்று கேட்பேன். அவள் தினமும் ஒரு புதுப் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் தபால்காரர், ஒருநாள் நாட்டு ராணி, ஒருநாள் உன் கணக்கு நோட்டைத் திருடினவள். பதில் எனக்குப் பிடித்திருந்தால்தான் கதவு திறக்கும். இப்போது அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவள். அவள் போன் வந்தால் இன்றைக்கும் நான் "நீ யாரப்பா?" என்றுதான் எடுப்பேன், வார்டு நடுவில் நின்றுகொண்டு அவளும் ஏதாவது பதில் சொல்லுவாள். சொல்லுவாள் என்று எழுதுவது சரியா, சொன்னாள் என்று எழுதவேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மருத்துவமனையின் பழைய முன்பதிவுத் தளம் ஒரு கூத்து. ஒரு பக்கத்தில் மெனு மேலே இருக்கும், அடுத்த பக்கத்தில் இடது ஓரத்தில் இருக்கும், மூன்றாவதில் தேடிப்பார்த்தாலும் கிடைக்காது. நிர்வாகி புதிதாகச் செய்ய ஆள் தேடியபோது அக்கா அவர் அறைக்குப் போய் நின்று, என் தம்பி செய்வான், நான் பொறுப்பு என்றாளாம். நாங்கள் ஏழு பேர் உள்ள சின்னக் கம்பெனி. எங்கள் பெயரை அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை. அக்காவின் ஒரு சொல்லை நம்பித்தான் வேலை எங்களிடம் வந்தது.

எங்கள் தொழிலில் லேஅவுட் என்று ஒன்று உண்டு. ஒரு தளத்தில் எண்பது பக்கம் இருந்தாலும் மேலே இருக்கும் பெயர்ப்பலகை, ஓரத்து மெனு, கீழே இருக்கும் தொலைபேசி எண் எல்லாம் எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றுதான். அதை எண்பது தடவை எழுதுகிறவன் முட்டாள். ஒரே ஒரு தாய்ப்பக்கம் எழுதி அதில் சில காலி இடங்கள் விட்டால் போதும். மற்றப் பக்கங்கள் அதன் பிள்ளைகள், தாயிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு காலி இடத்தை மட்டும் தங்கள் சரக்கால் நிரப்பிக்கொள்ளும். தாயில் ஒரு எழுத்தை மாற்றினால் எண்பது பிள்ளைகளிலும் மாறிவிடும். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் மெனு ஒரு துண்டு, தேடும் பெட்டி ஒரு துண்டு என்று செய்து கோத்து இதைக் கட்டுவதில் நான் கெட்டிக்காரன். நகல் எடுப்பது பாவம், ஒரே இடத்தில் எழுது என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் ஓதுவேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, கூச்சப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பார்வை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரில் ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பார்கள், பக்கத்தில் இருப்பதை அது வாய்விட்டுப் படிக்கும். ஒவ்வொரு பக்கமும் திறந்தவுடன் அது முதலில் படிக்கும்படியாக, இந்தப் பக்கம் எதற்கு என்று ஒரு வாக்கியம் இருக்க வேண்டும், ஆனால் திரையில் தெரியக் கூடாது. செய்வது எளிது. எழுத்தைத் திரையின் இடது ஓரத்துக்கு வெளியே வெகு தூரம் தள்ளி வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ரீடருக்கு ஓரம் ஏது, அது படித்துவிடும். ஆபீசில் நாங்கள் அதற்குக் காதுவரி என்று பெயர் வைத்தோம்.

தாய்ப்பக்கத்தில் காதுவரிக்கான காலி இடத்தை இரண்டு விதமாக விடலாம். ஒன்று, கட்டாயம் என்று எழுதிவைப்பது. பிள்ளைப் பக்கம் அதை நிரப்பாவிட்டால் ஜாவா சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும், அந்தப் பக்கம் பிறக்கவே பிறக்காது. இன்னொன்று, தாயே ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்திருப்பது. பிள்ளை நிரப்பினால் பிள்ளையுடையது வரும், மறந்தால் தாயுடையது வரும், யாரும் குரல் கொடுக்கமாட்டார்கள். நான் முதலில் கட்டாயம் என்றுதான் வைத்தேன். மறுநாளே பக்கம் எழுதிக்கொண்டிருந்த மூன்று பேரும் சண்டைக்கு வந்தார்கள். சும்மா ஒரு பக்கத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்றால்கூட விடமாட்டேன் என்கிறது, இதை யார் கேட்கப்போகிறார்கள் என்றார்கள். சரி, அழாதீர்கள் என்று கட்டாயத்தை எடுத்துவிட்டுத் தாய்ப்பக்கத்தில் ஒரு வாக்கியம் அடித்தேன்.

கண்ணுள்ளவன் எவனும் இதைப் படிக்கமாட்டான். நீ யாரப்பா?

புரோகிராமைத் திறந்து பார்க்கிறவன் ஒரு தடவை சிரிக்கட்டும் என்று எழுதியது அது. மூன்று பேரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். எங்கள் ஆபீசில் தளத்தைப் பரிசோதித்துப் பார்க்கிற பெண் மட்டும், தளம் வெளியே போவதற்கு முன்னால் எடுத்துவிடு என்றாள். எடுக்காமல் விடுவேனா என்றேன். வெளியே போகிற அன்று அவளுடைய பட்டியலில் காதுவரி உள்ளதா என்று ஒரு கேள்வி இருந்தது. இருக்கிறது என்று நானே டிக் போட்டேன். பொய் இல்லை, இருந்தது.

தளம் வெளியே போய் எட்டு மாதம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அக்கா வார்டில் புதிதாக வருகிற டாக்டரிடமெல்லாம் இது என் தம்பி செய்தது என்று காட்டினாள். மருத்துவமனைக்கு இன்னும் நாலு கிளைகள் இருந்தன, அதே லேஅவுட்டை அவற்றுக்கும் போடலாமா என்று நிர்வாகி கேட்டார். அதற்கு முன்னால் ஜீரோ மேடத்தோடு அரை நாள் உட்கார்ந்து குறை நிறை கேட்டுக்கொண்டு வாருங்கள், அவர்தான் இதை அதிகமாகப் பயன்படுத்துகிறவர், அவர் சரி என்றால் எனக்குச் சரி என்றார்.

ஜீரோ மேடம் டெலிபோன் ஆபரேட்டர். மருத்துவமனையின் எந்தப் போனிலும் ஜீரோவை அழுத்தினால் அவர் குரல் வரும், அதனால் அந்தப் பெயர். பதினொரு வருடமாக அக்காவும் அவரும் ஒன்றாகத்தான் மதியம் சாப்பிடுகிறார்கள். அக்கா அவரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை கேட்ட குரலை மறக்கமாட்டார், எந்த டாக்டர் என்றைக்கு லீவு என்று விரல் நுனியில் வைத்திருப்பார், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். இன்னொன்றையும் அக்கா சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை போலிருக்கிறது.

காலை பத்து மணிக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஓயாமல் கறகறக்கும் ஒரு மின்விசிறி, மேசைமேல் போன் பெட்டி, கீபோர்டு, தண்ணீர் பாட்டில். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண் தலையில் ஹெட்போனோடு யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், வாங்க தம்பி, அக்கா மாதிரியே காலைத் தேய்ச்சு நடக்கிறீங்க என்றார். நல்ல ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டேன். மானிட்டர் அணைந்திருந்தது. ஆபரேட்டர் அறையில் மானிட்டரை அணைத்து வைத்துவிட்டு எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குள் நக்கல் எழுந்தது.

"மேடம், ஸ்க்ரீன் தூங்குது. எழுப்பட்டுமா?" என்றேன்.

"எனக்கு அது எதுக்கு தம்பி? உங்களுக்கு வேணும்னா போட்டுக்கங்க" என்றார்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு வெள்ளைக் கோல் மடித்து மாட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கீபோர்டில் சில விசைகள்மேல் சின்னப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. சொன்னது போய்விட்டது, அதை இனி அள்ள முடியாது. ஆனால் அந்த வெட்கம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று வந்தது. அந்த வரியை எடுத்தேனா? எடுத்ததாக ஞாபகம் இல்லை. பக்கம் எழுதினவர்கள் எல்லோரும் நிரப்பியிருப்பார்கள், ஒன்றிரண்டு தவறியிருந்தாலும் யாரும் போகாத பக்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன் வந்தது. அவர் விரல்கள் கீபோர்டில் ஓடின. ஹெட்போனிலிருந்து மழைச்சத்தம் போல ஏதோ கசிந்தது, ரீடர் அவ்வளவு வேகத்தில் படித்துக்கொண்டிருந்தது. நான் மௌஸ் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் செய்வதை அவர் இருபது நொடியில் முடித்து, வியாழக்கிழமை பத்தே கால், ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க என்று வைத்துவிட்டார். நான் கட்டின தளத்தை என்னைவிட நன்றாக ஓட்டுகிற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நானும் கேட்கலாமா என்றேன். அவர் கை ஒரு கணம் நின்றது. அது வேகமாகப் போகும், உங்களுக்குப் புரியாது, வேண்டாமே என்றார். நான் விடவில்லை. தெரிந்துகொள்ளாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அவர் ரீடரின் வேகத்தைக் குறைத்து, ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். போன் வந்தால் உடனே தரணும் என்றார்.

முகப்புப் பக்கம் சரியாக இருந்தது. அதை நானே எழுதினேன். அவர் ஒரு விசையைத் தட்டினார், டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் திறந்தது. சாவதானமான ஒரு பெண்குரல், ஒரு எழுத்து விடாமல் படித்தது.

"கண்ணுள்ளவன் எவனும் இதைப் படிக்கமாட்டான். நீ யாரப்பா?"

அதற்கப்புறம்தான் டாக்டர்களின் பெயர்கள் வந்தன. அடுத்த பக்கம் தேதி. அதிலும் அதே. நோயாளி விவரம், அதிலும் அதே. சிரிக்க ஆள் இல்லாமல் என் ஜோக்கை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது ஜோக்கே இல்லை. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெளியே நிற்கிறவரைக் கேட்கிற கேள்வி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அது மேசையில் பட்ட சத்தத்துக்கு அவர் தலையைத் திருப்பினார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். கேட்க வேண்டியதே இல்லை, எட்டு மாதமாகத்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். எண்ணினதில்லை, ஒரு முன்பதிவுக்கு நாலு தடவை வரும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அது யாரையும் நினைத்து எழுதியது இல்லை, சும்மா ஆபீசில் என்று இழுத்தேன். சும்மா என்கிற சொல் வாயிலிருந்து வந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நீங்கதான் எழுதினீங்கன்னு முதல் நாளே தெரியும் தம்பி" என்றார். "அக்கா உங்க கதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லுவாங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு கேப்பீங்களாமே. அந்த 'யாரப்பா'வ கேட்டதும் புரிஞ்சிடுச்சு."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஏன் நிர்வாகியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"முதல் வாரம் கோபம் வந்துச்சு. அப்புறம் பழகிட்டேன். எனக்கு நாள் முழுக்க அதே வேலைதானே, போன் எடுத்தா யார் பேசுறதுன்னு கேக்கறது. அதனால இது 'நீ யாரப்பா'ன்னு கேட்டா, 'ஆபரேட்டர்'னு மனசுக்குள்ள சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவேன்."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, வேலை செய்யும் முறையைக் கேட்டவனுக்கு விளக்குவதுபோலச் சொன்னார். எனக்குத் திட்டு வாங்கத் தெரியும், வாங்கிக்கொண்டு திருப்பியும் கொடுப்பேன். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். இரண்டு கையிலும் டீ, இடுப்பில் சாவிக்கொத்து, முகமெல்லாம் பல். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, என்ன சொல்றான் எங்க வீட்டுப் பிள்ளை, ஒழுங்கா குறிச்சுக்கறானா என்று அவரைக் கேட்டாள். நாலு கிளைக்கும் இவன்தான் என்று நிர்வாகி முக்கால்வாசி முடிவு செய்துவிட்டாராம். பிறகு திடீரென்று ஒரு ஆசை வந்தது அவளுக்கு. எட்டு மாசமா பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு தடவைகூட காதால கேட்டதில்ல, அந்த ஒயரைப் பிடுங்கு, ஸ்பீக்கர்ல கேப்போம் என்றாள்.

மேடத்தின் கை ஹெட்போன் ஒயர் செருகியிருந்த இடத்தைப் போய் மூடிக்கொண்டது. அவசரமே இல்லாமல், ஏதோ தூசியைத் துடைப்பதுபோல. முகத்தை என் பக்கம் திருப்பி ஒரு கணம் காத்திருந்தார். நான் பேசுவதற்காகத்தான் காத்திருந்தார். எனக்கு அது புரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"ஸ்பீக்கர் காலையில இருந்து மக்கர் பண்ணுது" என்றார் அவர். "இன்னொரு நாள் கேக்கலாம்."

அக்கா, சரி விடு, எங்கே போயிடப்போகுது என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாடிக்குப் போனாள். சாவிச்சத்தம் படி ஏறி மறைந்தது. டீயில் ஆடை படிந்துவிட்டது.

"உங்க அக்காகிட்ட நான் சொன்ன முதல் பொய் இது" என்றார் அவர். "இதுவரைக்கும் நான் பேசாமத்தான் இருந்தேன். இன்னிக்கு உங்ககூட சேர்ந்துட்டேன்."

நான் லேப்டாப்பைத் திறந்தேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. தாய்ப்பக்கத்தில் அந்த வரி கொஞ்சம் கீழே இருந்தது, அதை அழிக்க ஒரு நொடி. காதுவரியைப் பழையபடி கட்டாயமாக்கினேன். உடனே சிவப்புக் கோடுகள் வரிசையாக விழுந்தன. நிரப்பாத பிள்ளைப் பக்கங்கள் எல்லாம், இத்தனை நாள் தாயின் முந்தானையில் ஒளிந்திருந்தவை, வெளியே வந்து நின்றன. எண்ணினேன், இருபத்து மூன்று.

"இருபத்து நாலு" என்றார் அவர்.

இல்லை மேடம், கம்ப்யூட்டரே சொல்கிறது என்றேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பெயர் சொன்னார். மனப்பாடமாக இருந்தது. கடைசியாக, ரொம்ப நேரம் சும்மா இருந்தால் நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வாருங்கள் என்று ஒரு பக்கம் வருமே, அது என்றார். போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு மெனு வேண்டாம் என்று தனியாக ஒரு குட்டி லேஅவுட் செய்திருந்தேன். அதில், நகல் எடுப்பது பாவம் என்று ஊருக்கு உபதேசம் செய்கிற நான், அந்த ஒரு வரியை என் கையால் நகல் எடுத்து ஒட்டியிருந்தேன். அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு அது.

மதியம் முழுக்க அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். நடுநடுவே போன் வரும், எடுத்துப் பேசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார். இது டாக்டர் தேர்வுப் பக்கம் என்று எழுதினேன். அதெல்லாம் வேணாம் தம்பி, எங்கே வந்தேன்னு எனக்குத் தெரியும், எத்தனை டாக்டர் இன்னிக்கு இருக்காங்கன்னு சொல்லச் சொல்லுங்க என்றார். தேதிப் பக்கத்தில், முதலில் காலியாக இருக்கும் நாளைச் சொல்ல வேண்டும். நோயாளி விவரத்தில், எத்தனை கட்டம் நிரப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அன்று மதியம் அவர் சாப்பாட்டுக்கு மாடிக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று அக்காவுக்குப் போன் செய்து சொன்னார். அது பொய் இல்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

மூன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. வெளியிடும் பொத்தான் திரையில் காத்திருந்தது. அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் அந்த வரி உலகத்தில் எங்கேயும் இருக்காது. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்துவிடும். அக்காவின் சொல் காப்பாற்றப்படும், கிளைகளும் வரும். மேடம் பேசமாட்டார், எட்டு மாதம் பேசாமல் இருந்தவர். விரலைப் பொத்தான்மேல் வைத்தேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இனிமேல் தினமும் மதியம் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது நான் இல்லை, இவர். நான் செய்ததை மறைத்துக்கொண்டு, காலம் முழுக்க.

ஐந்து நிமிஷம் மேடம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். வார்டு வாசலில் அக்கா ஒரு மருந்துச்சீட்டைப் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீட்டை மடித்தாள்.

"நீ யாரப்பா? மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றாள்.

முப்பது வருடத்தில் அந்தக் கேள்வியை அவள் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கீழே வா என்று மட்டும் சொன்னேன். படியிறங்கும்போது என்னடா, என்னடா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மேடத்துக்கு இரண்டு பேர் காலடியும் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் உள்ளே போனபோது அவர் போனை ஹோல்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் ஒயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் வேலை செய்தது. டாக்டர் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பெண்குரல் அறை முழுக்கக் கேட்கும்படி, நிதானமாக, என் வரியைப் படித்தது. தேதிப் பக்கத்தைத் திறந்தேன். மறுபடி படித்தது. மூன்றாவதைத் திறக்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

யார் எழுதினது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மேடத்தைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா எதிர்ல உக்காந்து சாப்பிடறோம்" என்றாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

மேடம் கொஞ்ச நேரம் போன் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் நீங்க வந்து, என் தம்பி செஞ்சதுன்னு சொன்னீங்க. அந்தக் குரலை நான் பதினொரு வருஷத்துல கேட்டதில்ல. எனக்கு மனசு வரல."

அக்கா அவர் தோளில் கை வைத்தாள். நான் காத்திருந்தேன். அவள் கத்தட்டும், அறையட்டும், அம்மாவிடம் சொல்லுவேன் என்று சொல்லட்டும். சின்ன வயதிலிருந்து நான் செய்த எல்லாவற்றுக்கும் அவளிடம் ஏதாவது ஒன்று வாங்கியிருக்கிறேன், வாங்கியதும் சரியாகிவிடும். நிர்வாகியிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கதவருகே போய் நின்று, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேலைய முடிச்சுட்டுப் போங்க."

அக்கா என்னை ஒருநாளும் போங்க என்று சொன்னதில்லை.

சாவிச்சத்தம் மெதுவாகப் படி ஏறியது. நான் பொத்தானை அழுத்தினேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. சரிபார்த்துச் சொல்லுங்கள் மேடம் என்றேன், என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அவர் ஹெட்போனைப் போட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலேயே விட்டார். விசையைத் தட்டினார். டாக்டர் பக்கம் திறந்தது.

"இன்று ஆறு மருத்துவர்கள் இருக்கிறார்கள்" என்றது ரீடர்.

நல்லா இருக்கு என்று தலையசைத்தார். அடுத்த பக்கம் போனார், முதல் காலி நாள் வெள்ளிக்கிழமை என்றது. அதற்கும் தலையசைத்தார். எல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் திறந்து, முதல் வரி முடிந்து, அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வருகிறதே, அந்த இடைவெளியில் அவர் உதடுகள் அசைந்தன. அவருக்கே தெரியாமல்தான் அசைந்திருக்க வேண்டும், சத்தம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. யாரும் எதுவும் கேட்காத இடத்தில் அவர் ஆபரேட்டர், ஆபரேட்டர் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.